கறியில் மருந்து இல்லை, சரி

"பிராய்லருக்கு ஊசி போட்டுத்தானே வளர்க்கிறாங்க?" டீக்கடையில் கோழிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி இதுதான். பத்தாயிரம் கோழியைத் தினமும் பிடித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தால் பண்ணைக்காரர் போண்டியாகிவிடுவார், அண்ணே. நாற்பது நாளில் இரண்டு கிலோ தேறுவதற்கு, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும் தீவனமும்தான் காரணம்.

ஆனால் தீவனத்திலும் தண்ணீரிலும் ஆன்டிபயாடிக் கலக்கிற பழக்கம் நிஜம். "அப்போ கறியில் மருந்து இருக்குமே?" என்பீர்கள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்தினால் உடம்பிலிருந்து அது வடிந்துவிடும். நிறுத்த வேண்டும் என்பது விதி. எல்லாரும் நிறுத்துகிறார்களா என்பது தனிக் கதை. எனக்குக் கவலை வேறு: மருந்து போன பிறகும் போகாத ஒன்று கோழியின் குடலில் இருக்கிறது.

அங்கே ஈ.கோலை என்ற பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கும். நோயைத் தீர்க்கப் போதாத சின்ன அளவில் தினமும் மருந்து உள்ளே போனால், தாங்காதவை சாகும்; தாங்கத் தெரிந்த சில மிஞ்சும், காலியான இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

இதைப் பண்ணையிலேயே வைத்துப் பார்த்தவர் ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவி. 1974-இல், அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் 300 குஞ்சுகளை விட்டார். பாதிக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம், பாதிக்குச் சாதாரணத் தீவனம். செலவை ஏற்றது விலங்கு மருந்துக் கம்பெனிகளின் சங்கமேதான்! ஒரே வாரத்தில், மருந்து தின்ற கோழிகளின் குடலில் இருந்த கிருமிகள் ஏறக்குறைய எல்லாமே டெட்ராசைக்ளினுக்கு அசையாதவை ஆகிவிட்டன. பண்ணை வீட்டுக்காரர்கள் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. ஆனாலும் ஐந்தாறு மாதத்துக்குள், வாராவாரம் எடுத்த அவர்களுடைய மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், பாக்டீரியாக்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் மருந்தை எதிர்ப்பவையாக இருந்தன. அக்கம்பக்கத்து வீடுகளில் இது 6.8 சதவீதம்தான். இன்னொன்றும் நடந்தது. கொடுத்தது ஒரு மருந்து. கொடுக்காத மற்ற மருந்துகளையும் சேர்த்தே அந்தக் கிருமிகள் எதிர்த்தன.

அதெப்படி என்றால், எதிர்ப்புக்கான மரபணு பலநேரம் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். வாட்ஸப் ஃபார்வர்டு மாதிரி, ஒரு பாக்டீரியா அதைப் பிரதியெடுத்துப் பக்கத்தில் இருப்பதற்குத் தள்ளிவிடும். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, வேறு இனமானாலும் சரி. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு ஒன்றாகக் கோத்திருந்தால், ஒரு மருந்தைக் கொடுத்தாலே மற்றவற்றுக்கான எதிர்ப்பும் கூடவே வளரும்.

கொலிஸ்டின் கதை இதைவிட மோசம். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970-களில் டாக்டர்கள் ஓரங்கட்டிய பழைய மருந்து அது. பிறகு வேறு எதுவும் கேட்காத ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு அதையே தேடிப்போக வேண்டிவந்தது. அதே மருந்து கோழி, பன்றிகளுக்கு எடை கூட்டத் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது. 2015-இல் சீன ஆய்வாளர்கள், கொலிஸ்டினை எதிர்க்கிற எம்.சி.ஆர்-1 மரபணுவைப் பன்றிகளிலும் கோழிக்கறியிலும் நோயாளிகளிடமும் கண்டார்கள். அதுவும் பிளாஸ்மிடில். சீனா 2017-இல் தீவனக் கொலிஸ்டினை நிறுத்தியது. அதன்பின் பண்ணைகளில் அந்த எதிர்ப்பு கணிசமாகக் குறைந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. தாமதம்தான், ஆனாலும் சரியான முடிவு.

"சரிப்பா, கோழி சாப்பிடலாமா கூடாதா?" தாராளமாகச் சாப்பிடுங்கள். நன்றாக வெந்த கறியில் இந்தக் கிருமி பிழைக்காது. ஆனால் வெட்டுகிற இடத்தைப் பாருங்கள்: குடல் உருவும்போது கிழிகிறது, அதே கத்தி, அதே புளியங்கட்டை, அடுத்த கோழி. வீட்டில் குழாயைத் திறந்து கறி கழுவும்போது தெறிக்கிற தண்ணீர், பக்கத்தில் நறுக்கி வைத்த வெள்ளரிக்காயில் விழுகிறது. இப்படி வயிற்றுக்குள் போகிற ஈ.கோலை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. போகிற போக்கில் அந்த வளையத்தை உங்கள் குடல் கிருமிக்குக் கொடுத்துவிட்டால்தான் சிக்கல். பின்னால் என்றாவது சிறுநீர்த் தொற்று வந்து, டாக்டர் எழுதிய மாத்திரை கேட்காதபோதுதான் அது தெரியவரும்.

கறியே தொடாதவர்களுக்கும் இதில் விலக்கில்லை, அண்ணே. கொட்டகையில் வாரிய கோழி எரு காய்கறித் தோட்டத்துக்குத்தான் போகிறது. குவித்து மக்கவைத்தால் அந்தச் சூட்டிலேயே கிருமியில் பெரும்பகுதி செத்துவிடும். பச்சையாகக் கொட்டினால் அப்படியே கீரைப் பாத்திக்குப் போய்ச் சேரும்.