பிரித்துப் பார்த்தால் தெரியும்

கடலை உடைத்து முடித்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் அதை அப்படியே மூட்டையில் கட்டிவிடுவதில்லை. விதைக்கு ஆவது ஒருபுறம், எண்ணெய்க்கு ஆவது ஒருபுறம், சொத்தை ஒருபுறம் என்று முறத்தில் இட்டுப் பிரிக்கிறார்கள். குவியலில் மறைந்திருந்த சொத்தை, பிரித்தபின் கண்ணில் படுகிறது. கணினியில் புள்ளிவிவரங்களை ஆராய்வோர் செய்வதும் இதே வேலைதான்.

வணிக நிறுவனங்கள் தம் விற்பனைக் கணக்கை ஆராய்வதற்குப் பவர் பிஐ, டேப்லோ போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அட்டவணையை நமக்கு வேண்டியபடி குழுக்களாகப் பிரித்துக் காட்டும் வசதி இவற்றில் உண்டு. பவர் பிஐ-யில் 'வயது' என்னும் தலைப்பின்மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, 'நியூ குரூப்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே இரு வழிகள் உள்ளன. முதலாவது 'பின்'. ஐந்து என்று அளவு கொடுத்தால் 0–4, 5–9 எனச் சம இடைவெளியில் கணினியே பிரித்துவிடும். இரண்டாவது 'லிஸ்ட்'. இதில் எந்தெந்த வயதுகள் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதை நாமே தேர்ந்து, அக்குழுவுக்குப் பெயரும் இடலாம். மூல அட்டவணை சிறிதும் மாறாது. அதைப் பார்க்கும் நம் பார்வைதான் மாறும்.

பார்வை மாறினால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கே அதற்குச் சான்று. 1991-இல் இந்தியாவில் ஆயிரம் ஆண்களுக்கு 927 பெண்கள் இருந்தனர். 2001-இல் அது 933 ஆயிற்று. இதை மட்டும் பார்ப்பவர், பெண்களின் நிலை உயர்ந்தது என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் கணக்கெடுப்புத் துறை 0 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளைத் தனிக் குழுவாகவும் பிரித்துக் காட்டியது. அங்கே 945 ஆக இருந்த எண் 927 ஆகக் குறைந்திருந்தது. 2011-இலும் அந்தச் சரிவு நிற்கவில்லை. பிறக்குமுன்னும் பிறந்தபின்னும் பெண் குழந்தைகள் இழக்கப்பட்டதை, மொத்தக் கணக்கு மறைத்தது. சிறு குழு வெளிப்படுத்தியது.

மாவட்டவாரியாகப் பிரித்தால் இன்னும் தெளிவு பிறக்கும். 2001-இல் தமிழ்நாட்டில் இவ்வயதுக் குழந்தைகளில் ஆயிரம் சிறுவருக்கு 942 சிறுமியர் இருந்தனர். சேலம் மாவட்டத்திலோ 851 பேரே. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் அந்த மாவட்டத்தில் முதலில் தொடங்கப்பட்டதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 0–6 என்னும் குழு, ஐந்தைந்தாகப் பிரிக்கும் கணினிக்குத் தானாகத் தோன்றாது. 1991 முதல் எழுத்தறிவு ஏழு வயது நிறைந்தவர்களுக்கே கணக்கிடப்படுவதால், அதற்குக் கீழுள்ளோரைத் தனியே காட்டுவதும் வழக்கமாயிற்று. எங்கே கோடு போடுவது என்பதைச் சிந்தித்து முடிவு செய்ய மனிதர்தான் வேண்டும்.

குழு அமைக்கும்போது, எதிலும் சேராதவற்றை 'அதர்', அதாவது 'மற்றவை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடவும் மென்பொருள் இடம் தருகிறது. அது வசதிதான், ஆனால் அந்த மூட்டைக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறையேனும் அவிழ்த்துப் பார்ப்பது நம் கடமை. மறக்கப்படுவோர் பெரும்பாலும் அதற்குள்தான் இருப்பர்.

நூறு ஆடுகளில் தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிட்டன என்று நல்ல ஆயன் மனநிறைவு கொள்ளவில்லை. காணாமற்போன ஒன்றைத் தேடிப் புறப்பட்டார். நாளை நம் மாணவியரில் பலர் கணினியின் முன் அமர்ந்து பெரிய பெரிய கணக்குகளைக் கையாளப் போகிறார்கள். மொத்தத் தொகையைக் கண்டு நிறைவடையாமல், அதில் காணாமற்போனவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே கைக்கொள்வோம்.