1,700 ரூபாய் எந்த மாதத்துக் கணக்கு?

கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை எந்தத் தேயிலைத் தோட்ட லயத்தில் கேட்டாலும் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, எவ்வளவு சம்பளம் என்று சொல்லிவிடுவார்கள். கைபேசியிடம் கேட்டால்தான் சிக்கல்.

கூகுள் போன்ற தேடுபொறி, எந்தச் சொல் எந்த இணையப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. கேட்டதும் பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டும். சாட்ஜிபிடி போன்ற சாட்பொட் வேறு சாதி. ஏராளமான பக்கங்களை வாசித்துப் பழகிய பழக்கத்தில், அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே பதிலைக் கட்டுகிறது. பயிற்சி முடிந்த நாளோடு அதன் உலகமும் நின்றுவிடும்.

தோட்டச் சம்பளமோ நிற்பதில்லை. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார். அடிப்படை 1,350, விசேட கொடுப்பனவு 350. வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை 1,350இல் வந்து நின்றது.

தேடினால் மே மாதச் செய்தியே முதலில் வந்து ஆளை ஏமாற்றலாம். ஆனால் தலைப்போடு திகதி இருக்கும், பத்திரிகையின் பெயர் இருக்கும். கீழே இறங்கினால் ஜூலையும் அகப்படும். சாட்பொட் நினைவிலிருந்து சொல்லும் 1,700க்குத் திகதி கிடையாது. அறிவிப்பைப் பற்றி எழுதப்படும் அளவுக்கு அதன் தடையைப் பற்றி எழுதப்படுவதும் இல்லையே!

திருப்பிக் கேட்டுச் சரிபார்ப்பதும் உதவாது. 2023இல் நியூயோர்க் வழக்கறிஞர் ஒருவர் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டினார். இவை உண்மைதானா என்று அதனிடமே கேட்டுமிருந்தார், உண்மைதான் என்றது. எல்லாம் கற்பனை. 5,000 டொலர் அபராதம்.

இப்போதைய சாட்பொட்கள் இணையத்தில் தேடி, இணைப்பும் தருகின்றன. அந்த இணைப்பைத் திறந்து பார்க்காவிட்டால் பழைய கதைதான். எனக்குப் பிடித்த வழி தலைகீழானது: வர்த்தமானியைத் தேடியெடுத்து, அதன் சட்டத் தமிழைச் சாட்பொட்டிடம் கொடுத்து எளிமையாக்கச் சொல்வது. விளக்குவதில் அது கெட்டிக்காரன். அங்கும் எண்களை மூலத்தோடு ஒப்பிடவேண்டும்.

2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் சம்பளம் 1,550, அரசின் வருகைக் கொடுப்பனவு 200, ஆக 1,750 என்றார்கள். அதற்கு முன் பயிற்சி முடிந்த சாட்பொட் தேடாமல் பதில் சொன்னால், இந்த 1,750 அதன் வாயில் வராது.