வீட்டிலேயே பேரிங் மாற்றலாமா?

புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று மேற்கே மேடேறினால் குயிலாப்பாளையம் வருகிறது. அவ்வூரின் மண் செக்கச் செவேலென்றிருக்கும். கோடைக் காற்று கிளம்பினால் அந்தச் செம்புழுதி வேலியென்றும் வீடென்றும் பாராமல் எங்கும் போய்ப் படியும். கிழக்கே கடல், அங்கிருந்து இரவும் பகலும் உப்பங்காற்று. வடக்கே மரக்காணத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளப் பாத்திகள். கடற்காற்று மனிதர்களுடைய உடம்புக்கு நல்லதென்று சொல்லுவார்கள். எஞ்சின்களைக் கேட்டால் அவை வேறு விதமாகச் சொல்லும். புழுதி உள்ளே புகுந்து அராவுகிறது. உப்பு ஈரம் வெளியிலிருந்து அரிக்கிறது. இப்படி இரண்டு சத்துருக்களுக்கு நடுவில் ஓடும் எஞ்சினுக்கு ஆயுள் எவ்வளவு என்பது அதை வைத்திருப்பவருடைய சிரத்தையைப் பொறுத்தது.

மின்சார மோட்டார்கள் எங்கும் வந்துவிட்ட போதிலும், உப்பு நீர் இறைக்கவும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சவும் வைத்த ஆயில் எஞ்சின் நம் நாட்டில் இன்னும் மறைந்துவிடவில்லை. உப்பளத்தில் தை, மாசியில் வேலை ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். வெயில் கொளுத்தும் சித்திரை மாதத்தில் எஞ்சின் ஒரு வாரம் படுத்துக் கொண்டால், அந்த வாரத்து வெயிலை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. பாத்தியில் வேலை செய்பவர்களின் கூலியும் அதோடு போகிறது.

ஆகையால், எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு நாள் ‘டக், டக்’ என்று கனத்த ஓசை கிளம்பும்போது, “இதை நாமே பிரித்துப் பார்த்தால் என்ன?” என்ற எண்ணம் வீட்டுக்காரருக்கு உண்டாவது இயற்கை. அந்த எண்ணம் தவறல்ல என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன.

பேரிங் செய்யும் வேலை

எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. அந்தப் போக்குவரத்தைச் சுழற்சியாக மாற்றுவது கனெக்டிங் ராடு. அதன் பெரிய முனை கிராங்க் ஷாப்டின் கழுத்தைக் கவ்விப் பிடித்திருக்கிறது. கவ்வும் இடத்தில் இரண்டு அரை வட்டத் தகடுகள் இருக்கின்றன. அவையே ராடு பேரிங். பட்டறைகளில் ‘பிக் எண்ட் பேரிங்’ என்பார்கள்.

நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுழலும் எஞ்சினில் பிஸ்டன் நிமிஷத்துக்கு 3000 தடவை நின்று திரும்புகிறது. இவ்வளவு அடியையும் இந்தத் தகடுகள் எப்படித் தாங்குகின்றன? உண்மையில் தாங்குவது தகடு அல்ல, எண்ணெய். தோசைக் கல்லில் பூசிய எண்ணெய் மாவைக் கல்லோடு ஒட்டவிடாமல் தடுப்பதை நமது வீட்டுப் பெண்மணிகள் தினமும் பார்க்கிறார்கள். அதுபோல, சுழலும் ஷாப்டு எண்ணெயை இழுத்து ஒரு மெல்லிய படலமாக்கிக் கொண்டு அதன் மேல் மிதக்கிறது. மிக மெல்லிய இடத்தில் அந்தப் படலம் மயிரிழையின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. படலம் இருக்கும் வரையில் இரும்பும் தகடும் ஒன்றையொன்று தொடுவதில்லை. எண்ணெய் குறைந்தாலும், நீர்த்துப் போனாலும், அதில் மண் கலந்தாலும் அந்தப் படலம் அறுகிறது. நாம் கேட்கும் ‘டக், டக்’ அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது.

மெத்தென்ற உலோகத்தின் கதை

இங்கே ஓர் ஆச்சரியம் உண்டு. அடி தாங்க வேண்டிய இடத்தில் மனிதன் கடினமான உலோகத்தை வைக்கவில்லை. மிருதுவான உலோகத்தையே வைத்தான். 1839-ல் அமெரிக்காவில் ஐசக் பாபிட் என்ற பொற்கொல்லர், வெள்ளீயத்தோடு செம்பையும் ஆன்டிமனியையும் கலந்து ஓர் உலோகம் செய்தார். எண்ணெயோடு வரும் சிறு தூசியை அது தன்னுள் புதைத்துக் கொள்ளும். எண்ணெய் அற்றுப் போனால் தான் உருகி ஷாப்டைக் காப்பாற்றப் பார்க்கும். எஜமானனுக்காக உயிர் கொடுக்கும் ஊழியனைப் போன்றது அது.

முற்காலத்தில் இந்த உலோகத்தை உருக்கி ராடிலேயே வார்த்து, மை தடவிப் பார்த்துக் கையால் சுரண்டிப் பொருத்துவார்கள். அது தேர்ந்த கைகளால் மட்டுமே ஆகக்கூடிய வேலை. பிறகு, எஃகுத் தகட்டின் மேல் மெல்லிய உலோகப் பூச்சுக் கொடுத்த ‘ஷெல்’ பேரிங்குகள் 1930-களில் பரவத் தொடங்கின. வீட்டில் பேரிங் மாற்றலாம் என்று இன்று நாம் பேச முடிவது இதனால்தான். வார்ப்பதும் சுரண்டுவதும் தொழிற்சாலையில் முடிந்துவிட, நமக்கு மிச்சமிருப்பது அளப்பதும் பொருத்துவதும். புனாவில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் கம்பெனி 1946-ல் நிறுவப்பட்டது. ஷெல் பேரிங் செய்வதற்கென்றே 1961-ல் ஏற்பட்ட பைமெட்டல் பேரிங்ஸ் ஸ்தாபனத்தின் தொழிற்சாலை நமது கோயமுத்தூரிலேயே இருக்கிறது. எஞ்சினும் நம் நாட்டில், பேரிங்கும் நம் நாட்டில் செய்யப்படுகிறதென்றால், அதைப் பொருத்தும் அறிவும் நம் வீட்டில் இருக்க வேண்டாமா?

எது முடியும், எது முடியாது?

எல்லா எஞ்சினும் ஒரே ஜாதியல்ல. இறைவை எஞ்சின்கள் பலவற்றில் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் ராடின் பெரிய முனை கைக்கு எட்டும். மோட்டார் கார்கள் பலவற்றில் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால் அந்த இடத்தை அடையலாம். இவ்விரண்டும் சிரத்தையுள்ள கிருகஸ்தரால் ஆகக்கூடிய வேலைகள்.

மோட்டார் சைக்கிள் விஷயம் வேறு. 1955 முதல் சென்னையில் உருவாகி வந்த புல்லட் வண்டியையே எடுத்துக் கொள்வோம். அதன் கிராங்க், பல துண்டுகளை இறுக்கிச் சேர்த்தது. ராடின் பெரிய முனையில் பிரிக்கக்கூடிய மூடி கிடையாது. பேரிங் மாற்ற வேண்டுமானால் சக்கரங்களையே பிரித்து, மறுபடி சேர்த்து, மயிரிழை கோணாமல் நேர் பார்க்க வேண்டும். இதற்கு அழுத்து யந்திரமும் அளவு கருவிகளும் பழகிய கையும் வேண்டும். இதை லேத் பட்டறையிடம் விட்டுவிடுவதே விவேகம்.

வேலை முறை

முதலில் அபாயங்களை நீக்குவோம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டீசல் குழாயை மூடி, எஞ்சின் தற்செயலாகக் கிளம்ப வழியில்லாமல் செய்ய வேண்டும். கதவுக்குள் ஒருவர் கை இருக்கையில் மற்றொருவர் பிளைவீலைத் தொடக் கூடாது; விரல் போய்விடும். காரானால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கலாகாது. உறுதியான தாங்கிகளை முட்டுக் கொடுத்த பிறகே படுக்க வேண்டும்.

எண்ணெயை வடித்து ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். வெள்ளி ஜரிகை போலவோ செம்புத் தூள் போலவோ மின்னினால், பேரிங் தேய்ந்து எண்ணெயில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ராடின் மூடியில், அது எந்த ராடுக்குரியது, எந்தப் பக்கம் எதைப் பார்க்கிறது என்று அடையாளம் இட வேண்டும். மூடியும் ராடும் ஒன்றாகவே கடையப்பட்ட ஜோடி. மாற்றிப் போட்டாலோ திருப்பிப் போட்டாலோ துவாரத்தின் வட்டம் கெட்டுவிடும். போல்ட்டுகளின் முனையில் ரப்பர்க் குழாய்த் துண்டைச் சொருகிக் கொண்டால் ஷாப்டில் கீறல் விழாது.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். ஷாப்டின் கழுத்தை விரல் நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் புது பேரிங் போட்டுப் பயனில்லை. நகம் சிக்காவிட்டாலும் மைக்ரோமீட்டரால் இரண்டு மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். வட்டம் முட்டையாகியிருக்கலாம், ஒரு பக்கம் சிறுத்திருக்கலாம். அளவு புத்தகத்தில் சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால் ஷாப்டைப் பட்டறைக்கு அனுப்பிக் கடைந்து வாங்கி, அதற்கேற்ற ‘அண்டர்சைஸ்’ பேரிங் போட வேண்டும். இது 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்ற அளவுகளில் கிடைக்கும். தேய்ந்த கழுத்தில் புதுத் தகட்டை மாட்டி ஓட்டுவதும், மூடியை அரத்தால் ராவி இறுக்குவதும் பணத்தை மிச்சப்படுத்துவது போல் தோன்றும். சில நாட்களில் ராடு முறிந்து எஞ்சின் கூட்டையே உடைத்துக் கொண்டு வெளியே வரும்போது அந்த மிச்சத்தின் விலை தெரியும்.

புதுத் தகட்டின் முதுகும் அது உட்காரும் இடமும் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். முகத்தில் மட்டும் எண்ணெய். தகட்டின் மூக்கு அதற்குரிய பள்ளத்தில் பதிய வேண்டும். எண்ணெய்த் துவாரங்கள் நேருக்கு நேர் வர வேண்டும். ஷாப்டுக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, 50 மி.மீ. கழுத்துக்குச் சுமார் 0.05 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. உங்கள் எஞ்சினுக்குரிய அளவைப் புத்தகத்தில் பார்ப்பதே உத்தமம். இதை அளக்க ‘பிளாஸ்டிகேஜ்’ என்ற மெழுகு நூல் விற்கிறது. எண்ணெய் தடவுவதற்கு முன் அதைக் கழுத்தின் மேல் வைத்து, மூடியை இறுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலமே இடைவெளியைச் சொல்லிவிடும். நூலைத் துடைத்துவிட்டு, எண்ணெயிட்டு, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். ‘கை பலத்துக்கு இறுக்கினேன்’ என்பது இங்கே செல்லாது. இறுக்கிய பின் எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்த்துத் தடையின்றிச் சுற்றினால் கதவை மூடலாம்.

புது எண்ணெய், புது பில்டர் போட்டு, டீசலை அடைத்தபடியே சில தடவை சுழற்றி எண்ணெயை மேலேற்றிய பிறகே கிளப்ப வேண்டும். சற்று நேரம் பாரமில்லாமல் ஓடட்டும்.

பழைய தகடு சொல்லும் சாட்சி

பலர் பழைய தகடுகளைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். எறிய வேண்டாம், அவை சாட்சி சொல்லும். நீளக் கீறல்கள் இருந்தால் மண் உள்ளே போயிருக்கிறது. குயிலாப்பாளையத்துச் செம்புழுதி வீசும் இடங்களில் முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். தகடு முழுவதும் பூச்சுப் போய் அடி உலோகம் தெரிந்தால் எண்ணெய் போதவில்லை. எதிரெதிர் ஓரங்களில் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது. அம்மைத் தழும்பு போல் குழிகள் இருந்தால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்தோ, நாட்பட்டுப் புளித்தோ அரித்திருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றுவது, குடத்தின் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் மொண்டு ஊற்றுவதற்குச் சமானம்.

கோவை காட்டிய வழி

இந்த வித்தையெல்லாம் கலாசாலைப் பட்டதாரிகளுக்கே உரியது என்று எவரும் மலைக்க வேண்டாம். 1893-ல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த ஸ்ரீ ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பில் அதிக தூரம் போனவரல்ல. வாலிபப் பருவத்தில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் ஊர்வலம் போகவில்லை. அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டிக் கற்றார். 1920-ல் ஒரே பஸ்ஸை வைத்துக் கொண்டு தொழில் ஆரம்பித்த அவர், 1974-ல் மறையும் வரை யந்திரங்களோடு உறவாடியதைத் தமிழ்நாடு அறியும். அவருடைய மேதை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் பிரித்ததை ஒழுங்காகப் பூட்டும் பொறுமை எந்த வீட்டிலும் வளரக்கூடியதே.

கடைசியாக ஒரு வார்த்தை. வடித்த கழிவு எண்ணெயைக் கிணற்றடியிலோ பாத்தி ஓரத்திலோ கொட்டாதீர்கள். அதைத் தகரத்தில் அடைத்துக் கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் சேர்த்துவிட வேண்டும். மாற்றிய தேதியையும் அளவுகளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட வைத்துக் கொண்டு, கருவியின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை எஞ்சின் முனகும்போது, அந்த நோட்டை எடுத்து வருவது அவர்களாகவே இருக்கும்.