விண்வெளிச் சுற்றுலாவில் பயணி உணர்வது என்ன?

விண்வெளிச் சுற்றுலா என்பது, ஆராய்ச்சிக்காகவோ அரசுப் பணிக்காகவோ அல்லாமல், கண்டு களிப்பதற்காகக் கட்டணம் செலுத்தி விண்வெளிக்குச் சென்று வருவதாகும். தரையிலிருந்து 100 கி.மீ. உயரத்தில் விண்வெளி தொடங்குவதாகப் பொதுவாகக் கொள்வர். பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான் வரும். அதே தூரத்தை நேர் மேலே கடப்பதில்தான் செலவும் ஆபத்தும் இருக்கின்றன.

சொந்தப் பணத்தில் விண்வெளிக்குச் சென்ற முதல் சுற்றுலாப் பயணி அமெரிக்கரான டென்னிஸ் டிட்டோ. 2001 ஏப்ரலில், தம் 60ஆம் வயதில், ரஷ்ய சோயுஸ் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார். விஜயவாடாவில் பிறந்த விமானி கோபி தோட்டகூரா, 2024 மே 19 அன்று ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்டு கலத்தில் பறந்து, இந்தியாவின் முதல் விண்வெளிச் சுற்றுலாப் பயணி ஆனார். அதே கலத்தில் 90 வயதான எட் டுவைட் என்பவரும் இருந்தார்.

பத்து நிமிடப் பயணம்

நியூ ஷெப்பர்டு பயணம் மொத்தம் பத்துப் பதினொரு நிமிடமே. ஏறும்போது உடல் சுமார் மூன்று மடங்கு கனக்கும். 60 கிலோ எடையுள்ளவர் 180 கிலோ ஆனதுபோல் இருக்கையில் அழுந்துவார். கையைத் தூக்குவதே பாடாக இருக்கும். எந்திரம் நின்றதும் அந்தக் கனம் சட்டென மறைந்து, மூன்று நான்கு நிமிடம் மிதக்கலாம். இறங்கும்போது சில வினாடிகள் ஐந்து மடங்கு வரை அழுத்தம் வரும். பிறகு பாராசூட் விரிந்து, கலம் பாலைநிலத்தில் இறங்கும்.

அங்கே புவியீர்ப்பு இல்லாததால்தான் மிதக்கிறார்கள் என்று மாணவர்கள் பலரும் தேர்வில் எழுதுவதுண்டு. அது தவறு. 100 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு வெறும் மூன்று விழுக்காடே குறைகிறது. தென்னையிலிருந்து ஒரு தேங்காய் விழுகிறது; அதன்மேல் ஓர் எறும்பு இருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், இரண்டும் ஒரே வேகத்தில் விழுவதால் எறும்பு தேங்காயை அழுத்தாது. தரையைத் தொடும் வரை அந்த எறும்புக்கு எடையே தெரியாது. பயணியும் அப்படித்தான்: எந்திரம் நின்ற கணத்திலிருந்து கலமும் அவரும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

சாளரக் காட்சியே இப்பயணத்தின் பெரும் பலன். பத்மநாபபுரத்துக்கு நேர் மேலே 100 கி.மீ. உயரத்தில் ஒருவர் இருந்தால், அடிவானம் ஏறக்குறைய 1,100 கி.மீ. தொலைவில் இருக்கும். மேகம் மறைக்காவிட்டால் தமிழ்நாடும் கேரளமும் இலங்கையும் முழுமையாக ஒரே பார்வையில் அடங்கும். வடக்கே கோவா வரை தெரியும். பட்டப்பகலிலும் வானம் கறுத்திருக்கும். வளைந்த அடிவானத்தில் காற்றுமண்டலம் மெல்லிய நீலக் கோடாகத் தெரியும்.

நாள்கணக்கில் தங்கினால்

சுமார் 400 கி.மீ. உயரத்தில் புவியைச் சுற்றும் பயணம் வேறு வகை. கலத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. பத்மநாபபுரத்துக்கு மேலிருந்து சென்னைக்கு மேலே போக ஒன்றரை நிமிடம் போதும். கன்னியாகுமரியில் ஒரு நாளில் ஓர் உதயமும் ஓர் அத்தமனமும் பார்க்க எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள். அங்கே ஒரே நாளில் பதினாறு வரை காணலாம்.

ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் சுகமாக இராது. பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். உடலின் நீர்மம் மேல்நோக்கி ஏறி முகம் வீங்கும், மூக்கடைக்கும், நாக்குக்குச் சுவை மந்தமாகும். குளியல் என்பது ஈரத் துணியால் துடைப்பதே. கழிப்பறையில் நீருக்குப் பதில் காற்று உறிஞ்சும். தூங்குவதற்கு உறங்குபையைச் சுவரில் கட்டிக்கொள்ள வேண்டும்.

செலவும் ஆபத்தும்

டிட்டோ கொடுத்தது சுமார் 2 கோடி டாலர் எனச் செய்திகள் கூறின. குறும்பயணத்துக்கு வர்ஜின் கலாக்டிக் நிறுவனம் 2021இல் வைத்த விலை 4.5 லட்சம் டாலர். ஆகவே ‘சாதாரண மக்கள்’ என்ற சொல் இங்கே இன்னும் பொருந்தவில்லை. பயிற்சி பெற்ற விண்வெளி வீரர் அல்லாதவர் என்றே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

2014 அக்டோபர் 31 அன்று வர்ஜின் கலாக்டிக்கின் கலம் சோதனைப் பறப்பில் உடைந்து, துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி இறந்தார். கோபி சென்ற பயணத்திலும் மூன்று பாராசூட்டுகளில் ஒன்று முழுதாக விரியவில்லை. மற்ற இரண்டின் உதவியால் கலம் பத்திரமாக இறங்கியது. அமெரிக்காவில், இந்தக் கலத்தைப் பாதுகாப்பானது என அரசு சான்றளிக்கவில்லை என்பதை அறிந்தே ஏறுவதாகப் பயணி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தியாவின் ககன்யான் திட்டம் சுற்றுலா அன்று. அதற்குத் தேர்வான நால்வரும் விமானப்படை விமானிகள். ஆயினும் மனிதரை ஏற்றும் ஏவூர்திக்கான கிரையோஜெனிக் எந்திரம் சோதிக்கப்பட்டது, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில்தான். அவ்வெந்திரத் துறையின் வல்லுநரும் 2025 சனவரியில் இஸ்ரோ தலைவரானவருமான வி. நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர்.

திரும்பி வந்தபின்

குறும்பயணம் போனவர் இறங்கியதும் நடந்து போய்விடலாம். நாள்கணக்கில் தங்கியவருக்குத் தரை புதிதாக இருக்கும். ககன்யான் நால்வரில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025 சூன், சூலையில் ஆக்சியம்-4 பயணமாகச் சென்று, விண்வெளி நிலையத்தில் 18 நாள் தங்கித் திரும்பினார். வந்தபின் கைப்பேசிகூட அவருக்குக் கனமாகத் தோன்றியது. ஒருநாள் மடிக்கணினியை மூடி, மிதக்கும் என்ற நினைப்பில் படுக்கைக்கு அருகே அந்தரத்தில் விட்டுவிட்டார். அது கீழே விழுந்தது. தரையில் விரிப்பு இருந்ததால் உடையவில்லை.