கூடாரமும் வான்கதவும்

மலைக்காட்டினுள், ஓடும் நீரின் ஓசை காதில் விழும் தொலைவில் கூடாரமடித்து ஓரிரவைக் கழிக்கும் வழக்கம் இலங்கையின் இளந்தலைமுறையினரிடையே வெகுவாகப் பரவியுள்ளது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மீமுரே, பெலிஹுல் ஓயா, ஹோட்டன் சமவெளி, கித்துல்கல என அதற்குப் பேர்போன இடங்கள் பல உள. இவற்றுள் கித்துல்கலவும் அதற்கு மேலேயுள்ள பொல்பிட்டியவும் தனித்து நோக்கத்தக்கவை. பிற இடங்களில் ஆற்றின் நீர்மட்டத்தை அறிய வானத்தைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். இங்கோ வானத்தோடு நாட்டின் மின்சாரத் தேவையையும் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பொல்பிட்டிய என்ற சிங்களப் பெயர் தென்னை நிற்கும் திடலைக் குறிக்கும். கித்துல்கல என்பது கித்துள் மரம் நிற்கும் பாறை. கித்துள் என்பது பாணியும் கருப்பட்டியும் தரும் பனையினம். தமிழ்நாட்டில் அதனைக் கூந்தற்பனை என்பர். தென்னையும் கித்துளும் ஊர்ப்பெயராக நிலைத்திருப்பதே இடத்தின் தன்மையைச் சொல்லிவிடுகிறது. ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் கம்பளிக்குள் முடங்க வைக்கும் காற்று, கினிகத்தேனைச் சரிவில் இறங்க இறங்க, வெப்பமும் ஈரமும் கலந்த தாழ்நில மழைக்காட்டுக் காற்றாக மாறிவிடுவதால், தேயிலை நாட்டின் குளிரை எண்ணிக் கனத்த போர்வைகளைச் சுமந்து வருவோர் இங்கே வியர்வையில்தான் நனைவர். சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காடுகளின் நீரைத் திரட்டி வரும் மஸ்கெலி ஓயாவும், அதற்கு வடக்கே ஓடிவரும் கெஹெல்கமு ஓயாவும் பொல்பிட்டியவை அண்டி ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. சிங்களத்தில் 'கங்கை' பேராற்றையும், 'ஓயா' அதனினும் சிறிய ஆற்றையும், 'எல' ஓடையையும் குறிக்கும். இங்கிருந்து கொழும்புக்கு வடக்கே கடலில் கலக்கும்வரை ஓடும் இந்தக் கங்கையின் முழு நீளம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர்.

இவ்விரு ஓயாக்களின் வீழ்ச்சியைக் கண்டு, அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாசித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் எண்ணியது கைகூட முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று; 1950இல்தான் பழைய லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த அணைகளும் சுரங்கக் கால்வாய்களும் இரு ஆறுகளையும் ஒரு படிக்கட்டாக்கிவிட்டன. மேலே கெஹெல்கமு ஓயாவில் 1965இல் நிறைவுற்ற காசல்ரீ நீர்த்தேக்கம். மஸ்கெலி ஓயாவில், பழைய மஸ்கெலியா நகரை நீருக்குள் ஆழ்த்தி 1969இல் நிறைவுற்ற மவுசாகலை நீர்த்தேக்கம். நீர் வற்றும் காலங்களில் மூழ்கிய கோயிலின் கற்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. இவற்றுக்குக் கீழே நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியன், லக்சபான என்னும் சிறிய தேக்கங்கள் உள்ளன. நோர்ட்டனில் மறிக்கப்படும் கெஹெல்கமு நீர் மலையைக் குடைந்து சென்று பழைய லக்சபான நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு மஸ்கெலி ஓயாப் பக்கம் விழுகிறது. அங்கே இரு ஆற்று நீரும் கலந்து, மறுபடியும் சுரங்கத்தினுள் நுழைந்து, 1969இல் 75 மெகாவாட் திறனோடு தொடங்கப்பட்ட பொல்பிட்டிய மின்நிலையத்தில் வெளிவருகிறது. இந்நிலையத்துக்குச் சமனல என்ற பெயரும் உண்டு. வளவை கங்கைப் பக்கத்துச் சமனலவெவ இதனின் வேறானது. ஆகவே பொல்பிட்டியவில் ஒருவர் கைநிறைய அள்ளும் நீர், அங்கு வருமுன் இரண்டு மூன்று மின்நிலையங்களில் வேலை செய்து முடித்த நீராகும்.

கூடாரமடிப்போருக்கு இதனால் ஏற்படும் விளைவு இருவகைப்பட்டது. முதலாவது, அணைக்கும் அதன் கீழுள்ள மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஆற்றுப்படுகை பற்றியது. நீர் சுரங்கத்தினுள் போய்விடுவதால் அப்படுகை ஆண்டின் பல நாட்களில் பாறைகளும் மணற்றிட்டுகளும் ஆங்காங்கே தெளிந்த குட்டைகளுமாகக் கிடக்கும். நகரத்திலிருந்து வருபவர் கண்ணுக்கு அதைவிடச் சிறந்த கூடாரத் திடல் வேறில்லை: சமதரை, வெண்மணல், குளிக்கக் குட்டை. ஆனால் தேக்கம் நிரம்பி வான்கதவு திறக்கப்படும்போது அந்த நீர் முழுவதும் வருகிற வழி அந்த மணற்றிட்டேதான். காசல்ரீ, மவுசாகலை ஆகிய இரண்டும் பெரிய தேக்கங்களாதலால் பெருமழையைச் சில காலம் தாங்கிக்கொள்ளும். கீழுள்ள மூன்றும் மிகச் சிறியவை, பருவமழைக் காலத்தில் விரைவில் நிரம்பி வழிபவை. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர்வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இத்தீவில் மிகுதியாக மழை பொழியும் சரிவுகளுள் கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதிகள் முன்னிற்கின்றன. அந்த மாதங்களில் வான்கதவுகள் திறக்கப்படுவதும், தாழ்நிலத்தார் அவதானமாக இருக்கும்படி அறிவிக்கப்படுவதும் செய்தித்தாள்களில் அடிக்கடி வருபவை. கூடாரமடிக்க வந்தவர் கையில் செய்தித்தாள் இருப்பதில்லை. பள்ளத்தாக்கில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்குமென்ற உறுதியும் இல்லை.

இரண்டாவது, மின்நிலையத்துக்குக் கீழுள்ள ஆறு பற்றியது. இங்கே மழையே பெய்யாத நாளிலும் நீர்மட்டம் உயரக்கூடும். சேமித்து வைக்கக்கூடிய நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையங்களை, தேவை மிகும் வேளையில் முழுவீச்சில் இயக்குவது மின்துறையின் இயல்பான நடைமுறை. இலங்கையில் மின்கட்டணம் உச்சவேளையாகக் கணக்கிடும் நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. வீடுகளில் விளக்கெரிந்து, சமையலும் தொலைக்காட்சியும் தொடங்கும் அந்த நேரமே ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிப் பாத்திரம் கழுவ நீரில் இறங்கும் நேரமும் ஆகும். கித்துல்கலவில் சுமார் ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ரப்பர் படகில் நுரைநீர்ச் சறுக்கல் நடத்துவோர் மின்நிலையங்கள் நீர்விடும் நேரத்தை ஒட்டியே தமது பயணங்களை அமைத்துக்கொள்கின்றனர். பொல்பிட்டியவுக்கும் கித்துல்கலவுக்கும் இடையே புரோட்லண்ட்ஸ் என்னும் 35 மெகாவாட் நிலையமும் இப்போது சேர்ந்துவிட்டதால், ஆற்றின் நாளாந்தப் போக்கைப் பழைய நினைவைக் கொண்டு கணிப்பதும் சரியாகாது. படகோட்டிகளிடமோ கரையோரக் கடைக்காரரிடமோ அன்றைய நிலையைக் கேட்டறிவதே தக்கது.

ஆற்றுக்கு அஞ்சிச் சரிவில் ஏறினால் அங்கே மண்சரிவு காத்திருக்கும் என்பது மலையகத்தின் மற்றொரு முகம். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கடந்து சென்றபோது மத்திய மலைநாட்டில் மண்சரிவுகள் எத்தனை உயிர்களைக் கொண்டுசென்றன என்பது எவருக்கும் மறந்திராது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு நிலையையும், 100ஐத் தாண்டினால் ஆயத்த நிலையையும், 150ஐத் தாண்டினால் வெளியேறும் நிலையையும் அறிவிக்கிறது. ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தாலும் வெளியேற வேண்டியதே. மழைமானியற்ற கூடாரத்தில் ஆறே மானியாகும்: தெளிந்த நீர் செந்நிறம் கொள்வது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மண்வாடை எழுவது ஆகியவை மேலே வெள்ளம் திரள்வதைக் காட்டும். இவற்றினும் கொடிய அறிகுறி, மழை பெய்துகொண்டிருக்கையில் நீர் திடீரெனக் குறைவது; மேலே சரிந்த மண் ஓடையை மறித்திருக்கிறது என்பதும், அந்தத் தடை எந்நேரமும் உடையலாம் என்பதும் அதன் பொருள்.

ஆகவே கூடாரத்துக்குரிய இடம் நீரோரமும் அன்று, செங்குத்துச் சரிவின் அடியும் அன்று. ஆற்றின் பழைய வெள்ளக்குறிக்கு மேலாக, வேரூன்றிய முதுமரங்கள் நிற்கும் படித்தட்டே ஏற்றது. கரையோர மரக்கிளைகளில் சிக்கிய காய்ந்த சருகும் பொலித்தீன் துண்டுகளும் கடந்த வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டிக்கொடுக்கும். நம் நாட்டு ஆறுகளில் பொலித்தீன் தரும் ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும். நீரிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளித் தங்குவதும், அதே தொலைவில் ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மலங்கழித்து மூடுவதும் உலகெங்கும் காட்டுத்தங்கலுக்கு வகுக்கப்பட்ட நெறி. களனி நீரே அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பின் குழாய்களுக்குப் பெரும்பங்கு குடிநீராகச் செல்கிறது என்பதை நினைத்தால், இந்நெறி இங்கே நாகரிகத்தின் பாற்பட்டது மட்டுமன்று என்பது விளங்கும். தள்ளித் தங்குவதில் வேறொரு பயனும் உண்டு. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளிலிருந்து வழிந்து ஓடையை ஒட்டிய பள்ளத்தில் தேங்குவதால், நீரோரக் கூடாரத்தின் உட்சுவரில் மூச்சுக்காற்றின் ஈரம் துளித்துளியாகப் படிந்து, மழையில்லாமலே விடியற்காலையில் படுக்கையை நனைத்துவிடும். கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டும் பழைய பழக்கத்தை மட்டும் கைவிடவேண்டும். தோட்டங்களில் கான் வெட்டுவோர் சரிவை அளந்து வெட்டுகின்றனர், ஓரிரவு விருந்தினர் வெட்டும் கானோ மண்ணரிப்புக்கு வாயில் திறந்துவிடும்.

சிறு பொருள்களில் மலையகத் தோட்டங்களின் அறிவு கடைகளில் விற்கும் கருவிகளுக்குச் சற்றும் குறைந்ததன்று. கொழுந்து பறிப்போர் இடையில் சுற்றிக்கொள்ளும் படங்கு, ஈரத்தரைக்கும் படுக்கைக்கும் இடையே விரிக்க ஏற்றது. மழையில் ஊறிய காட்டு விறகு புகையுமேயன்றி எரியாது. கவ்வாத்தில் வெட்டிக் காயவைத்த தேயிலை மிலாறு ஒரு கட்டு கையிலிருந்தால் தேத்தண்ணீருக்கும் ரொட்டிக்கும் அது போதும், நின்ற மரத்தை வெட்டும் தேவையும் எழாது. அட்டைக்கடிக்குக் காலில் சவர்க்காரம் பூசுவது தோட்டத்து வழக்கம். அட்டை கடிக்கையில் குருதி உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளைச் செலுத்துவதால், அது விழுந்த பின்னும் இரத்தம் நெடுநேரம் கசியும். பார்க்க அச்சமூட்டினும் பெரும்பாலும் தீங்கில்லை. உண்மையில் அஞ்சத்தக்கது எலிக்காய்ச்சல். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் உள்ள நுண்ணுயிர் தோலின் வெடிப்புகள் வழியே உட்புகுவதால், காலில் புண்ணுள்ளோர் தேங்கிய குட்டைகளில் இறங்காதிருப்பதும், திரும்பிய பின் காய்ச்சல் கண்டால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாது சொல்வதும் இன்றியமையாதவை.

'கேம்ப்' என்ற சொல் மலையகத் தமிழர் காதில் இன்பச் சுற்றுலாவின் பொருளில் ஒலிக்கத் தொடங்கியது மிக அண்மையில்தான். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தோரைத் தடுத்து வைத்து நோய் சோதித்து அனுப்பிய இடம் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள மண்டபம் கேம்ப்; 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாகச் சென்றோர் தங்கவைக்கப்பட்டதும் அங்கேதான்; இன்றும் அங்குள்ள ரயில் நிலையம் அப்பெயரையே தாங்குகிறது. அதற்கும் முன், கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாக மலையேறிய முன்னோர் காட்டிலே கழித்த இரவுகளுக்குக் கூடாரமும் இல்லை, விரும்பித் தங்கிய நிலையும் இல்லை. காட்டில் காசு கொடுத்து உறங்கும் பேரரைக் கண்டு லயத்துப் பாட்டிமார் சிரித்தால் அச்சிரிப்பில் ஒரு வரலாறு இருக்கிறது.

காடு யாருடையது என்ற வினாவும் எழாமலிராது. கித்துல்கலவைச் சூழ்ந்த களனிப் பள்ளத்தாக்கு ஒதுக்கக்காடு வன பரிபாலனத் திணைக்களத்தின் கீழும், சிவனொளிபாத மலைச் சரணாலயம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழும் உள்ளன. அனுமதியின்றி உட்புகுந்து தங்குவது சட்டப்படி குற்றம். இக்காடுகள் இன்னும் முழுமையாக அறியப்படாதவை என்பதற்கு ஒரு சிறு ஆந்தையே சான்று. 1995இல் கித்துல்கலக் காட்டின் இருளில் தீபால் வறக்காகொட என்னும் பறவையியலாளர் முன்பு கேட்டிராத ஒரு குரலைக் கேட்டார். குரலுக்குரிய பறவையை 2001இல் சிங்கராஜக் காட்டிலே கண்ணால் கண்டார். 2004இல் அது அறிவியலுக்குப் புதிய இனமாகப் பெயரிடப்பட்டது. ஒலிபெருக்கியோடு வரும் கூட்டத்தாருக்கு அத்தகைய குரல் ஒருபோதும் கேட்காது. வேறொரு செய்தி துயரமானது: 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபானத் தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் சிக்கி, மீட்கப்பட்ட பின் சில நாட்களில் இறந்தது. எறிந்த சோற்றுக்குக் காட்டுப்பன்றி வரும்; பன்றிக்குச் சுருக்கு வைப்பர்; சுருக்குக்குப் பன்றியும் சிறுத்தையும் ஒன்றே. மிஞ்சிய உணவைக் கட்டித் திரும்ப எடுத்துச் செல்லவேண்டும் என்ற விதியின் காரணம் இதுதான்.

தங்கும் முதல் மாலையில் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வைத்து, மணிக்கொரு தடவை கைவிளக்கோடு சென்று பார்ப்பது ஆற்றோரத்தார் எளிதாகச் செய்யும் காவல். ஓசை கூடுவதைக் காது உடனே உணராது. ஓடையருகே சிறிது நேரம் இருந்தாலே அதன் இரைச்சல் செவிக்குப் பழகிவிடும். குச்சி பொய் சொல்லாது. மழையற்ற மாசி மாதத்து இரவொன்றில் எட்டு மணிக்கு அது முழங்காலளவு நீருக்குள் நிற்கக்கூடும். கொழும்பில் விளக்குகள் அணைந்து நெடுநேரத்தின் பின், அதன் அடியைச் சுற்றி ஈரக்கற்கள் மறுபடியும் ஒவ்வொன்றாக வெளித்தெரியும்.