உப்பு குடித்த வயர்

எப்போதுமே ஓடாத லாரியைச் சரிசெய்வது சுலபம். சில நேரம் மட்டும் இழுக்காத லாரிதான் மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிக்கும். “ஏத்தத்துல திடீர்னு இழுக்கமாட்டேங்கு. நிப்பாட்டி, சாவிய ஆஃப் பண்ணித் திரும்பப் போட்டா சரியாவுது” என்பார் டிரைவர். பட்டறைக்கு வந்ததும் வண்டி ஒழுங்காக ஓடும். பிறகு ஊகத்தில் டீசல் பில்டர் மாறும், சென்சார் மாறும், கடைசியில் விலை கூடிய பம்பும் மாறும். குறை மட்டும் மாறாது.

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் சாளையும் அயிலையும் ஏற்றிக்கொண்டு, இனயம் வட்டாரத்திலிருந்து புதுக்கடை, மார்த்தாண்டம் பக்கம் மேடேறும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பைத்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. காற்றில் வருவது போதாதென்று, மீன் பெட்டியில் ஐஸ் உருகி ஒழுகும் நீரும் நேரே சேஸில் சொட்டுகிறது. எர்த் வயரின் செம்பு வளையம் இரும்புச் சேஸில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் புகுந்தால் அதுவே ஒரு சிறு பேட்டரி, இரும்பு அரிக்கப்படும். வயருக்குள்ளும் ஆபத்து உண்டு. மெல்லிய செம்பிழைகளின் இடைவெளி வழியே நீர் உள்ளே ஏறிச் செல்லும். மேலே ரப்பர் புத்தம்புதிதாகத் தெரியும். உரித்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு.

பழைய லாரிக்கு இது பெரிய கவலை இல்லை. அதன் டீசல் பம்ப் முழுக்க இயந்திரம்; ஸ்டார்ட் ஆன பிறகு பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளின் கதை வேறு. இன்ஜெக்டர்களுக்குப் பொதுவான குழாயான காமன் ரெயிலில் டீசலின் அழுத்தம் 1,600 பார், அதற்கும் மேல்கூட ஏறும். உலகின் மிக ஆழமான கடலடியான மரியானா அகழியிலேயே அழுத்தம் சுமார் 1,100 பார்தான். ரெயிலின் அழுத்தத்தை நொடிக்கு நொடி ஆளும் கம்ப்யூட்டர், 5 வோல்ட் சென்சார்களின் சொல்லை நம்பியே இயங்குகிறது.

ரெயில் அழுத்த சென்சாரின் எர்த் பின்னில் களிம்பேறி 20 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓடுவது 10 மில்லி ஆம்பியர் என்றால், இழப்பு 0.2 வோல்ட். கேட்க அற்பம். ஆனால் அந்த இழப்பு சென்சாரின் அளவை மேலே தூக்கிவிடும். அழுத்தம் கூடிவிட்டதாக நம்பும் கம்ப்யூட்டர் டீசலைக் குறைக்கும். இழுவை போய்விடும். ஆக்சிலேட்டர் பெடலிலும் இதே தொல்லைதான். அதில் இரண்டு சென்சார்கள் உண்டு. பல வண்டிகளில் ஒன்று 2 வோல்ட் காட்டினால் மற்றது 1 வோல்ட் காட்ட வேண்டும். குழியில் வண்டி குலுங்கி ஒரு பின் கணநேரம் விலகினாலும் கணக்கு பொருந்தாது. உடனே கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக எஞ்சினை அடக்கி, ‘லிம்ப் மோடு’க்குத் தள்ளிவிடும். சாவியை ஆஃப் பண்ணிப் போட்டதும் கம்ப்யூட்டர் கணக்கைப் புதிதாகப் பார்க்கும்; வண்டி சரியாவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

எல்லாப் பழியையும் வயரின் மேல் போடுவதும் தவறு. டீசல் போதாமல் வரும் தளர்ச்சி, ஏற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பில்டர் அடைப்பு, ஏர் பிடிப்பது, உள்ளே சப்பிக்கொள்ளும் ஓஸ் எல்லாம் இந்த வகை. டேங்கில் கிடக்கும் ஒரு துண்டு பிளாஸ்டிக் உறிஞ்சும் குழாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தியதும் விழுந்துவிடும். இதுவும் ‘நிப்பாட்டினா சரியாவுது’ ரகம்தான். மின்குறையோ ஒரே நொடியில் வரும். கூடவே செக் லைட்டும் எரியும். புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும், டிரைவர்கள் யூரியா என்று சொல்லும் திரவம் தீர்ந்தாலும் இழுவை குறையும், ஆனால் அதற்கு முன்னெச்சரிக்கை உண்டு.

ஸ்கேனர் சொல்வது தீர்ப்பல்ல, சாட்சியம். தொடர்பில்லாத நான்கு சென்சார்கள் ஒரே நேரத்தில் கெட்டதாகக் காட்டினால் நான்கும் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் வயரையோ எர்த்தையோ தேட வேண்டும்.

தேடும் விதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டியை ஆஃப் செய்துவிட்டு மீட்டரில் பீப் சத்தம் பார்த்தால், ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். 0.01 ஓம் தடையைச் சாதாரண மீட்டர் சரியாகக் காட்டவே காட்டாது. செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கும்போது அதே தடை 3 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆகவே மின்சாரம் ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரில் எண்களைப் பார்த்தபடி வயர் கட்டையும் ஒவ்வொரு கப்ளரையும் மெல்ல அசைக்க வேண்டும். எண் துள்ளும் இடத்தில் குறை இருக்கிறது. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் பம்ப் மாற்றும் செலவில் இது ஒரு சிறு பங்கு.

களிம்பைச் சுரண்டி, போல்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் மட்டும் போதாது. ஐஸ் உருகும் நீர் சேஸில் சொட்டாதபடி வடிகுழாயை ஒரு தொட்டிக்குள் விடுவது பாடி கட்டும்போதே செய்ய வேண்டிய வேலை. லோடு இறக்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவலாம். பிரஷர் கன்னை மட்டும் கப்ளருக்கு நேரே பிடிக்கக் கூடாது, ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும்.