உமிச் சாம்பல் சிமெண்ட்டின் சுருக்கத்தை எப்படிக் குறைக்கிறது?

கான்கிரீட் வெயிலில் காய்வதால்தான் சுருங்குகிறது என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் ஒரு சொட்டு ஈரம்கூட வெளியேறாதபடி மூடி வைத்தாலும் அது சுருங்கும். சிமெண்ட் இறுகும்போது தண்ணீரைத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. தண்ணீர் தீரத் தீர நுண்துளைகள் வறண்டு, மிச்சமிருக்கும் ஈரம் துளைகளின் சுவர்களை உள்நோக்கி இழுக்கும். சிமெண்ட்டின் எடையில் 40 சதவீதத்துக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்க்கும் உயர்வலிமைக் கான்கிரீட்டில் இந்தத் தன்சுருக்கம் பெரிய தொல்லை. விரிசல் அங்கே தொடங்கிவிடும். ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றினாலும், அவ்வளவு நெருக்கமான கலவைக்குள் அது ஆழமாக இறங்காது. தண்ணீர் உள்ளிருந்தே கிடைத்தாக வேண்டும்.

உமிச் சாம்பலின் அருமை இங்குதான். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. கான்கிரீட்டின் வலிமை கூடுவது அதனால்தான் என்பது பழைய செய்தி. சுருக்கத்தைத் தடுப்பதோ சாம்பல் துகளின் துளைகள். கலக்கும்போது அவை தண்ணீரை உறிஞ்சி, சுற்றிலும் வறளும்போது திருப்பித் தருகின்றன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் நுயென் வான் துவானும் சக ஆய்வாளர்களும் மிகு உயர்வலிமைக் கான்கிரீட்டில் இதைச் சோதித்தார்கள், தன்சுருக்கம் குறைந்தது. கான்கிரீட்டில் சேர்க்கப்படும், அதே சிலிக்கா நிறைந்த சிலிக்கா ஃபியூம் என்ற நுண்தூளுக்குத் துளையில்லை. அது தன்சுருக்கத்தைக் கூட்டவே செய்யும். வேதிப்பொருளைவிடத் துகளின் அமைப்பே இங்கு முக்கியம் என்பதற்கு இந்த வேறுபாடே சான்று.

தண்ணீரை உறிஞ்சினால் கலவை இறுகிப்போகாதா? இறுகும். அதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் வலிமையும் போகும், காய்வதால் வரும் சுருக்கமும் கூடும்; கலவையை இளக்கும் ரசாயனம் சேர்ப்பதுதான் சரி. மாவுபோல் அரைத்தால் இன்னும் நல்லதுதானே என்பார்கள். அளவுக்கு மீறி அரைத்தால் துளைகள் நொறுங்கி, நாம் தேடிய பயனே போய்விடும். எல்லா அரிசி ஆலைச் சாம்பலும் உதவுமா என்றால், இல்லை. சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெகுநேரம் எரிந்தால் சிலிக்கா படிகமாகி வினைத்திறன் குறையும். படிகத் தூசு நுரையீரலுக்கும் கேடு. அரைகுறையாக எரிந்தால் கரி தங்கிவிடும்.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 தன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே உமிச் சாம்பலை அனுமதித்துவிட்டது. ஆகவே அதைப் பயன்படுத்த விரும்பும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாம்பல் வாங்கும்போது சிலிக்கா சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள், எந்த வெப்பத்தில் எரித்தார்கள், எவ்வளவு நேரம் அரைத்தார்கள் என்றும் கேளுங்கள்.